நாலு இஞ்ச் குழாய்க்கு நான் வாங்கிய பசை

எனக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும். அன்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு நாலு இஞ்ச் தண்ணீர்க் குழாய் மாற்றிக்கொண்டிருந்தோம். வேலை பெர்மிட்டில் சிவகங்கையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து என்னிடம் வேலை பார்த்த செல்வம், நான் வாங்கிவந்த பசை டின்னைத் திறந்து பார்த்தார்.

“அண்ணே, இது தண்ணியா இருக்கு. சின்ன பைப்புக்குத்தான் ஆகும். இதுக்குக் கெட்டியான பசை வேணும்ணே.”

“எனக்கே சொல்லித் தர்றியா? பேசாம ஒட்டு லா!”

மறுநாள் காலை தண்ணீரைத் திறந்ததும் இணைப்பு பிய்த்துக்கொண்டு பறந்தது. கடை முழுக்க வெள்ளம். கடைக்காரர் கத்தத் தொடங்கினார். நான் கையில் கிடைத்த குழாய்த் துண்டால் செல்வத்தின் முகத்தில் ஓங்கி அடித்தேன். புருவம் கிழிந்தது. விழுந்தவரை உதைத்தேன். என் காலைச் சுற்றித் தண்ணீர் சிவந்தது.

பிறகுதான் பிய்ந்த முனையைப் பார்த்தேன். பசை இடைவெளியை நிரப்பாமல் வெறும் தோலாகக் காய்ந்திருந்தது. டின்னைத் திருப்பினேன். இரண்டு இஞ்ச் வரைக்கும்தான் என்று போட்டிருந்தது.

கிளினிக்கில் டாக்டர், “யாரு அடிச்சா?” என்று கேட்டார்.

“பைப் தெறிச்சிருச்சு டாக்டர்,” என்றார் செல்வம், என்னைப் பார்க்காமல்.

என்ன பெரிய மனசு என்று கண் கலங்கினேன். நண்பர்களிடமும் அப்படியே சொல்லித் திரிந்தேன். பெர்மிட்டைப் புதுப்பிக்க, நான் பூட்டி வைத்திருந்த அவருடைய பாஸ்போர்ட்டை டிராயரிலிருந்து எடுத்தபோதுதான் உறைத்தது. அது அவர் பையில் இருந்திருந்தால், டாக்டரிடம் என் பேரைத்தான் சொல்லியிருப்பார்.