பல்லுக்காரரின் வரி பாக்கி

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், பல்லுக்காரர் மோட்டாரை அணைத்துவிடுவார். மெருகேறிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல் விரலிடுக்கில் அப்படியே நிற்கும். மூச்சைக்கூட மெல்லத்தான் விடுவார். வண்டி தாண்டிப் போனதும் மோட்டார் மறுபடி இரையும். பட்டறைக்கு நேர் மேலே குடியிருக்கிற எனக்கு இது கடந்த இரண்டு மாதத்தில் பாடமாகிவிட்டது: கீழே சத்தமில்லை என்றால் தெருவில் யாரோ வருகிறார்கள்.

பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். மனிதர் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார், வாயைத்தான் பார்ப்பார். என்னை முதன்முதலில் சந்தித்தபோது பெயரைக்கூடக் கேட்கவில்லை. "மேல் வரிசையில ரெண்டாவது, சொத்தை ஆரம்பிச்சிருக்கு சார்" என்றார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஆனால் ஆறே மாதத்தில் அந்தப் பல் போய்விட்டது. மாற்றுப்பல்லுக்கு நிறம் பிடிக்க என்னை ஜன்னலோரம் நிற்கவைத்து, "சிரிங்க சார், இன்னும் கொஞ்சம் சிரிங்க" என்று முக்கால் மணி நேரம் வாட்டி எடுத்தார்.

இத்தனை நுணுக்கம் பார்க்கிறவர் வருமான வரியில் கோட்டை விட்டார். பெரிய மருத்துவமனை ஒன்று இரண்டு வருடம் இழுத்தடித்த கூலியை ஒரே காசோலையாகக் கொடுத்தது. வரியைப் பிடித்துக்கொண்டுதான் தந்திருப்பார்கள் என்று இவராகவே நினைத்து, முழுத் தொகைக்கும் பல் சுடுகிற புது அடுப்பு வாங்கிப் போட்டார். அவர்கள் ஒரு காசு பிடிக்கவில்லை. அது தெரிந்த பிறகு செய்ததுதான் பெரிய கூத்து. கணக்கையே தாக்கல் செய்யாமல் இருந்துவிட்டார்.

"கணக்குக் காட்டினா உடனே கட்டச் சொல்வாங்க. கையில காசு சேர்ந்ததும் காட்டிக்கலாம்னு…" என்று இழுத்தார்.

"அட கடவுளே! காட்டாததுக்குத் தனியா அபராதம் போடுவாங்களே, தெரியாதா?" என்று கத்திவிட்டேன்.

"இப்பத் தெரியும் சார்."

அபராதத்தோடு வந்த கடிதம் அவர் சட்டைப்பையில் மடிப்பு கிழிந்து கிடந்தது. பத்து நாளில் பதில் வராவிட்டால் பொருள்களை ஜப்தி செய்வோம் என்பது கடைசி வரி. அவரிடம் இருக்கிற ஒரே பெரிய பொருள் அந்த அடுப்பு. அது போனால் பட்டறையே இல்லை.

"தூக்கிட்டுப் போயிருவாங்களா சார்? அதைத் தூக்க நாலு ஆள் வேணுமே" என்று அதிலும் ஓர் ஆறுதல் தேடினார். சோறு தண்ணி இறங்கவில்லை. மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்தாத ஒரு முழு செட்டைச் செய்து கொடுத்து, டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எல்லாவற்றையும்விட அவர் நடுங்கியது மனைவிக்கு. துணிக்கடையில் பில் போடுகிற அந்த அம்மாள் "வரி கட்டியாச்சா?" என்று கேட்டபோது, "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லி வைத்திருந்தார்.

ஒன்பதாம் நாள் காலையில் என் கதவைத் தட்டினார். "கூட வாங்க சார். பேசவே வேண்டாம். சும்மா நின்னா போதும்."

வரி அலுவலகத்தில் மூன்றாம் கவுன்ட்டர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் அலுவலர். பல்லுக்காரர் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துத் தடுப்புக்கு அடியில் தள்ளினார்.

"கட்ட முடியல, மேடம்" என்றார். மூன்று வார்த்தை. அதைச் சொல்ல இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

அலுவலர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "முதல்ல கணக்கைத் தாக்கல் பண்ணுங்க, அபராதம் மேல மேல ஏறாது. பாக்கிக்குத் தவணை கேட்டு இதுல எழுதிக் கொடுங்க. வீட்டுச் செலவைப் பார்த்துட்டு மாசம் எவ்வளவுன்னு முடிவு பண்ணுவோம். தவணை தப்பாம கட்டினா ஜப்தி வராது" என்று சொல்லி, பாக்கித் தொகையை மேலே அச்சடித்து ஒரு படிவத்தை நீட்டினார்.

வாடகை, பால், மின்சாரம், பள்ளிக்கூடம், மருந்து என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள். முதல் கட்டத்திலேயே பேனா நின்றுவிட்டது. ஊரில் யாருக்கு எந்த நிறப் பல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தன் வீட்டுச் செலவு தெரியாது.

"இதெல்லாம் அவளுக்குத்தான் சார் தெரியும்."

"அப்போ கூப்பிடுங்க" என்றேன்.

"அவளையா?" முகத்தில் ஈயாடவில்லை. நான்தான் கைப்பேசியை எடுத்து அவர் கையில் திணித்தேன். "ஒண்ணுமில்ல, கொஞ்சம் வரி ஆபீஸ் வரைக்கும்… ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லதான்" என்று எட்டுத் தடவை ஒண்ணுமில்லை சொன்னார்.

அரை மணியில் வந்துவிட்டார் மனைவி, கடையின் பெயர் அட்டையைக்கூடக் கழற்றாமல். கணவரை எதுவும் கேட்கவில்லை. என்னிடம், "இவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே சார்?" என்றார். இல்லை என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து, படிவத்தை இழுத்து, தங்குதடையில்லாமல் கட்டங்களை நிரப்பினார். பல்லுக்காரரின் இடது உள்ளங்கை மட்டும் தாளின் மேல்பகுதியை மூடியபடியே இருந்தது. பாக்கித் தொகை அதன் அடியில்தான்.

"கையை எடுங்க."

"நீ கீழ எழுது. அதை அப்புறம் பார்த்துக்கலாம்."

"என்னங்க, பின்னால ஆளுங்க காத்திருக்காங்க. எடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மெல்லக் கையை எடுத்தார்; எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், மனைவியின் கைப்பை வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.