சாயம் விடாமல் தெரிந்த பச்சை

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மலேசியாவில், சிரம்பானில் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்த்தவன், மைக்ராஸ்கோப்பில் தெரிந்தால்தான் எதையும் நம்புவேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

எண்பதுகளில் எங்கள் லேப்புக்கு ஒரு புதுச் சாயம் வந்தது. கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்களில் அதை விட்டால், புற்று அணுக்களை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும், நீல ஒளியை அடித்தால் அவை பச்சையாக மினுங்கும், மற்றதெல்லாம் இருட்டு. அந்த மினுக்கம் சீக்கிரம் மங்கிவிடும். அதனால் பார்ப்பதற்கு முன்பே இருட்டறையில் கண்ணை மூடி உட்கார்ந்து, கண்ணைப் பழக்கிக்கொள்வோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாபு ரப்பர் தோட்டத்தில் இருந்த தங்கை சரோஜா வீட்டுக்குப் போயிருந்தேன். மரத்தில் பால் வெட்டிப் பிழைக்கிறவள், புருஷன் இல்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள். பொழுது சாய்ந்த நேரம், தோட்டத்து ஜெனரேட்டர் நின்று தொழிலாளர் லயத்து வீடுகள் முழுக்க இருண்டுபோயின. பழக்கதோஷம், நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சரோஜாவின் காதுக்குக் கீழே, கழுத்தில், அதே பச்சை. சத்தியமாகச் சொல்கிறேன், அங்கே சாயமும் கிடையாது, நீல விளக்கும் கிடையாது. அவள் தீக்குச்சியை உரசியதும் அது மறைந்துவிட்டது.

"நாளைக்கு என்னோட ஆஸ்பத்திரிக்கு வா" என்றேன்.

"வேலைக்குப் போகலன்னா எங்கள மேய்க்கிற மண்டோர் சும்மா விடுவானா? எனக்கு என்னாண்ணே, நல்லாத்தான் இருக்கேன் லா."

"பேசாம வா."

டாக்டர் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்த பிறகுதான் ஆழத்தில் ஒரு சின்னக் கட்டி அகப்பட்டது. ஊசியால் எடுத்ததற்கு நானே சாயம் விட்டேன். இருட்டறையில் கண்ணைத் திறக்கவே மனம் வரவில்லை, அந்தப் பிள்ளைகளின் முகம்தான் வந்து வந்து நின்றது. திறந்தேன். பச்சை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நல்ல வேளை, சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். அறுத்து, மருந்தேற்றி, பிழைத்துவிட்டாள். இப்போது நீலாயில் மகன் வீட்டில் இருக்கிறாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் எதையோ சொல்லி மழுப்பினேன். உண்மையை அவளிடம் மட்டும்தான் சொன்னேன்.

அதனால் இன்றைக்கும், நான் அவளைப் பார்க்கப் போயிருக்கும்போது கரண்ட் போனால், இருட்டில் முதலில் வருவது அவள் குரல்தான்.

"அண்ணே, தெரியுதா?"

"ஒன்னும் இல்லம்மா."

அவள் நிம்மதியாக மெழுகுவர்த்தி தேடப் போவாள். அதை ஏற்றிவிட்டேன் என்று அவள் சொல்லும்வரை நான் கண்ணைத் திறப்பதே இல்லை.