சயனைடு மேட்டில் கவிழ்ந்துகொண்டே இருந்த டிரக்

சின்ன மோட்டார் சூடானால் ஒரு வாசனை வரும். சூடான தோசைக்கல்லில் பிளாஸ்டிக் ஸ்பூனை மறந்து வைத்த மாதிரி... எங்கள் ஆர்.சி. டிரக்கை நினைத்தால் எனக்கு முதலில் அதுதான் ஞாபகம் வருகிறது.

டிரக் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ரிமோட்டில் ஓடுவது, ஒரு முழ நீளம்கூட இருக்காது. ஆன்லைனில் பார்த்து நான்தான் வாங்கினேன். எனக்காக இல்லை, சேகருக்காக.

சேகரும் நானும் மாரிகுப்பத்தில் ஒரே லைன்; தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள். காலை ரயிலில் பெங்களூர் போய் ராத்திரி திரும்புகிற கூட்டத்தில் இரண்டு பேர். அவன் கம்பெனியில் பிரஸ் மெஷின் அவனுடைய இடதுகை ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டது. காயம் ஆறிய பிறகும் அவன் வேலைக்குப் போகவில்லை. ஸ்டோரில் வேலை தருகிறோம், மாசக் கடைசிக்குள் வந்து சேரணும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவனோ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

அவன் மனைவி அமுதா ஒருநாள் என்னைத் தெருவில் நிறுத்தினாள்.

"அண்ணா, வேல கெடக்கட்டும். மொதல்ல அவர வாயத் தொறந்து பேசச் சொல்லுங்க. வூட்ல நான் ஒருத்திதான் பேசிகினு கீறேன்."

எப்படிப் பேச வைப்பது? எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. சுரங்க காலத்திலிருந்து வருவது. அடிபட்டுத் திரும்பியவனிடம் காயத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். டீ வாங்கிக் கொடுப்பார்கள், ஷிப்டைப் பற்றிப் பேசுவார்கள், காயத்தின் பக்கம் கண்ணே போகாது. அதுதான் மரியாதை என்று நாங்களும் அப்படியே வளர்ந்துவிட்டோம்.

அதனால் டிரக்கைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். "மேடு ஏற மாட்டேங்குதுடா. மெஷின் பாத்தவன் நீ, கொஞ்சம் செட் பண்ணிக் குடு."

ரொம்ப நேரம் அதையே பார்த்தான். அப்புறம் ஸ்குரூடிரைவர் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் நடராஜும் சயனைடு மேட்டுக்குப் போனோம்; சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்த பிறகு சுரங்கத்துக்காரர்கள் கொட்டிய மண், குன்று மாதிரி நிற்கும். நடராஜுக்கு ஆண்டர்சன்பேட்டையில் டயர் கடை, பள்ளிக்கூடத்திலிருந்தே எங்கள் கூட்டாளி. அந்த மேட்டில் மண் காய்ந்தால் கோதுமை மாவு மாதிரி இருக்கும். சேகர் ரிமோட்டைப் பிடித்தான்; துப்பாக்கி மாதிரி இருக்கும், இடதுகையால் ட்ரிக்கரை இழுத்து வலதுகையால் ஸ்டீயரிங்கைத் திருப்பணும். டிரக் பாதி தூரம் ஏறியது, திடீரென்று ஒரு எகிறு எகிறி மல்லாக்க விழுந்தது.

"முன்னாடி வெயிட் பத்தல," என்றான் நடராஜ். காருக்கு வீல் பேலன்ஸ் பண்ண ஒட்டுகிற ஈயத் துண்டுகளை முன்சக்கரங்களுக்கு உள்ளே ஒட்டினோம். அடுத்த வாரம் அதே இடத்தில் அதே மாதிரி மல்லாக்க விழுந்தது. பேட்டரியை முன்பக்கம் மாற்றினோம். பிளாஸ்டிக் கியரைக் கழற்றி மெட்டல் கியர் போட்டோம். டயருக்குள் ஸ்பாஞ்சைக் குறைத்தோம். சேகர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து முடிப்பான், ஒரு வார்த்தை பேச மாட்டான்.

ஒரு தடவை அவன் தண்ணீர் குடிக்க நகர்ந்தபோது நான் ரிமோட்டை எடுத்தேன். டிரக் சாதுவாக உச்சி வரைக்கும் ஏறிவிட்டது.

நடராஜ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. சேகர் திரும்பி வந்ததும் நான் என்ன சொன்னேன் தெரியுமா... "மோட்டார் மாத்தணும் போலடா."

பெரிய மோட்டார் வந்தது. முன்னைவிடப் பலமாகக் கவிழ்ந்தது.

மாசக் கடைசி ஞாயிறு. டிரக் அடிவாரம் வரைக்கும் உருண்டு வந்து நின்றது. மோட்டாரிலிருந்து புகை. நடராஜ் ஷாக் அப்சார்பர் மாற்றலாம் என்று ஆரம்பித்தான். சேகர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"போதும் வுடுங்கடா. வண்டில ஒன்னும் இல்ல. ட்ரிக்கர இழுக்கற வெரலு எனக்கு இல்ல. நடுவெரலால இழுத்தா ஒரேடியா பூரா இழுக்குது. மொத வாரமே தெரியும் எனக்கு."

"அப்பறம் ஏன்டா சொல்லல?" என்றேன்.

"நீங்க இன்னா ஆச்சுன்னு ஒரு வார்த்தகூட கேக்கல. ரயில்லயும் அப்டித்தான பாத்தும் பாக்காத மாரி இருப்பாங்க? அதான் வேலைக்கு வரல."

நாங்கள் மரியாதை என்று நினைத்தது அவனைத் தனியாக உட்கார வைத்திருந்தது.

அப்புறம் கேட்டோம். மெஷின் எப்படி இறங்கியது, யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், இன்னும் வலிக்கிறதா... எல்லாம் சொன்னான். கையை நீட்டிக் காட்டினான். பார்த்தோம்.

அன்றைக்கே ரிமோட்டைக் கழற்றினான். ஒரேடியாக இழுபடாதபடி ட்ரிக்கர் ஸ்பிரிங்கை மாற்றிக் கொஞ்சம் கடினமாக்கினான். நடுவிரல் நன்றாக உட்கார வளையத்தை அகலமாக வெட்டினான். பழைய மோட்டாரையே திரும்பப் போட்டான். சாயங்காலம் டிரக் மெதுவாக, நிற்காமல், மேலே போய்ச் சேர்ந்தது.

"நாளைக்கு ரயில்ல எனக்கும் ஒரு சீட் போட்டு வை," என்றான் சேகர்.

இப்போது டிரக் நடராஜ் கடை அலமாரியில் தூங்குகிறது. மூன்று பேரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைப்பதே அபூர்வம். வாட்ஸ்அப் குரூப்பில் குட்மார்னிங் மட்டும் தவறாமல் வரும். அந்த மாவு மண்ணில் உட்கார்ந்து வெட்டியாகக் கழித்த பொழுதை நினைத்தால் கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் என் வேலை போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை. டிபன் பாக்ஸோடு தினமும் அதே ரயில் ஏறினேன். கம்பார்ட்மெண்டில் நாலைந்து பேருக்குத் தெரியும், யாரும் வாயே திறக்கவில்லை. கிரிக்கெட் பேசினார்கள்.

ஒருநாள் ராத்திரி ரயிலில் சேகர் எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தான்.

"வேல போச்சாமே. இன்னாடா ஆச்சு?"

பங்காருபேட்டை வரைக்கும் நான்தான் பேசினேன். மாரிகுப்பத்தில் இறங்கி, நேராக வீட்டுக்குப் போய், என் மனைவியிடம் சொன்னேன்.