மூடிய தேர்வை எழுதிய பெண்

கொரோனாவுக்குப் பிறகு கல்லூரிகள் பழையபடி இயங்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, நெமிலிச்சேரியிலிருந்து அம்பத்தூர் வரும் மாலை ரயிலில் நடந்தது இது.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறை ஆசிரியர். உத்திரத்தின் மேல் பாரம் ஏற்றினால் அது எங்கே, எவ்வளவு வளையும் என்பதை மாணவர்கள் செல்போனிலேயே பாரத்தை விரலால் நகர்த்திப் பார்த்துக் கற்கும்படி ஓர் இணையதளம் அமைத்திருந்தேன். வாரத் தேர்வும் அதில்தான். மாலை ஆறுக்குத் திறந்து ஏழுக்கு மூடும். நடுவில் வேறு திரைக்குப் போனால், காப்பியடிப்பதாகக் கொண்டு அந்த நொடியே தேர்வு முடிந்துவிடும். துறையில் எல்லாரும் சேர்ந்து கேட்டுக்கொண்ட ஏற்பாடு அது.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு மட்டும் வாராவாரம் தேர்வு பாதியில் நின்றது. வகுப்பில் தெளிவாகப் பதில் சொல்கிற பெண். கூப்பிட்டுக் கேட்டேன். நெட் கட்டாகிவிடுகிறது என்றாள். எங்கள் பதிவோ நெட் இருந்தது, திரைதான் மாறியது என்று காட்டியது. புதன்கிழமை துறைக் கூட்டம். காப்பி என்று முடிவானால் அந்தப் பாடத்தில் அவளால் செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது.

செவ்வாய் மாலை நல்ல மழை. நனைந்த குடையோடு ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். பட்டாபிராமில் அவள் ஏறினாள், கூடவே செக்யூரிட்டி உடையில் அவள் அப்பா. தொடையில் துண்டை விரித்துச் சீட்டாடிக்கொண்டிருந்த தினசரிப் பயணிகளில் ஒருவர் எழுந்து ஜன்னலோரம் இடம் கொடுத்தார். வழக்கமாக நடப்பதுதான் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அவள் இருக்கைக்குப் பின்னால் நின்ற என்னைக் கவனிக்காமல் தேர்வைத் திறந்தாள்.

ஆட்டத்தின் சூட்டில் ஒருவர் சீட்டை ஓங்கி அடித்தார். எதிரில் இருந்தவர் முறைத்தார்.

"மெதுவா போடு மாமே, பாப்பா பரீச்சையில கீது. நீ ஜெயிச்சி இன்னா கோட்டையா கட்டப் போற?"

அப்பா அவர்களிடம் பேசியதிலிருந்து எனக்கு விஷயம் பிடிபட்டது. வீட்டில் இருப்பது ஒரே போன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு டியூட்டிக்கு அவர் அதைக் கொண்டுபோக வேண்டும். அதனால் மகளும் கூடவே அம்பத்தூர் வரை வந்து, வழியிலேயே தேர்வை எழுதி, பிளாட்பாரத்தில் போனைக் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்புகிறாள்.

ஆவடி தாண்டியதும் போன் அடித்தது. சூப்பர்வைசர். கிளம்பியாயிற்றா என்று தினமும் கேட்பாராம்; எடுக்காவிட்டால் அன்றைய டியூட்டி வேறு ஆளுக்கு. எப்போதும் வாங்கிப் பேசிவிட்டுத் திருப்பித் தருகிற அப்பா, வாரத் தேர்வுகளில் அன்றுதான் கடைசி என்பதால் தயங்கினார். பிறகு குனிந்து தானே அழைப்பைத் துண்டித்தார்.

"கட் பண்ட்டேம்மா. டூட்டி போனா போவுது, நீ எழுது."

ஆனால் அழைப்பு அதற்குள் திரை முழுவதையும் மறைத்துவிட்டது. அது விலகியதும், அவள் தோளுக்கு மேலாக, நானே எழுதிவைத்த சிவப்பு வரியைப் பார்த்தேன்: தேர்வு முடிந்தது.

அவள் நிமிர்ந்து அப்பாவிடம் தலையாட்டினாள். பிறகு போனை நெஞ்சோடு சற்றுச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, முடிந்துபோன அந்தத் திரையின் மேல் விரலை நகர்த்தத் தொடங்கினாள். பாரத்தை நகர்த்துவதுபோல் இங்கும் அங்கும். இடையிடையே கணக்குப் போடுவதுபோல் உதடுகளும் அசைந்தன.

சீட்டாடியவர்களில் ஒருவர் தன் போனை நீட்டினார்.

"இந்தா அண்ணாத்தே, என் போன்ல பேசு. சிக்னல் இல்லன்னு சொல்லு. அவரு இன்னா ரயில்ல ஏறி வந்தா பாக்கப் போறாரு?"

அப்பா வாசல் பக்கம் போய்ப் பேசிவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தார். டியூட்டி கைவிட்டுப் போகவில்லை. எழுதிவிட்டாயா என்று கேட்டார். நல்லா எழுதினேன்பா என்றாள்.

அம்பத்தூரில் அவர் போனை வாங்கிக்கொண்டு படியேறி மறைந்த பிறகுதான் அவளைக் கூப்பிட்டேன். பதறிப்போனாள். அழைப்பு வந்துதான் தேர்வு மூடுகிறது என்று ஏனம்மா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்ககிட்ட சொன்னா அப்பா காதுக்குப் போயிடும். கால் வந்தா தேர்வு மூடிடும்னு தெரிஞ்சா, அப்பா போனை வீட்லயே வச்சிட்டுப் போயிடுவாரு சார். அப்புறம் அவர டூட்டிக்கு யாரு கூப்புடுவாங்க?"

மறுநாள் கூட்டத்தில் கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். எல்லாரும் உடனே ஒத்துக்கொண்டுவிடவில்லை. ஒருவர், இரக்கத்துக்கு மார்க் போட முடியாது என்றார். இரக்கம் வேண்டாம், கல்லூரிக் கணினியில் மறுபடி எழுதட்டும் என்றேன். எழுதினாள், தேறினாள், செமஸ்டரும் எழுதினாள். அந்த வாரமே இணையதளத்தை மாற்றினேன். இப்போது அழைப்பு வந்தால் தேர்வு காத்திருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நாள் முழுக்கத் திறந்திருக்கும்.

இன்றும் ஒரு புதிய பாடத்துக்காக 'முடிந்தது' என்று ஒரு வரியை எழுதப் போகும்போதெல்லாம், அப்பாவின் மனம் நோகக் கூடாதென்று அந்த வரியின் மேல் அம்பத்தூர் வரை நகர்ந்துகொண்டிருந்த விரல் நினைவுக்கு வருகிறது. திரைக்கு அந்தப் பக்கம் யார், எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன்.