தோய் மோக் மலையிலிருந்து மூன்று அழைப்புகள்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். நேரம் முதற்கொண்டு பதிவேட்டில் இருக்கிறது, என் கையெழுத்தில்.

என் பெயர் கேசோன். பயாவ் மாகாணத்தில், தோய் மோக் மலைப் பூங்காவின் வாசலில் பன்னிரண்டு வருஷமாக டிக்கெட் கிழிக்கிறேன். பயாவ் ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் அப்படியே எங்கள் மலைக்கும் வருவார்கள். உச்சியில் இருக்கும் பழைய புத்தர் கோயிலையும் அதன் ஸ்தூபியையும் கும்பிட்டுவிட்டு இறங்குவார்கள். மார்ச்சில் மட்டும் யாரும் வரமாட்டார்கள். காடு எரியும் மாதம் அது. அப்போது எனக்கு ரேடியோ வேலை. மலையில் தீயணைக்கும் ஆட்கள் பேசுவதைக் கேட்டு, நேரம் போட்டு எழுதி வைக்க வேண்டும்.

போன வருஷம், மார்ச் 27. புத்தாண்டுக் கூட்டம் வர இரண்டு வாரம்தான் இருந்தது. அதற்குள் கோயில் பாதையில் தீ அணைந்தாக வேண்டும் என்று எங்கள் தலைவர் தனோம் குதித்துக்கொண்டிருந்தார். காலை எட்டு மணிக்கு ஐந்து பேரைக் கிடங்கு அறைக்குள் கூப்பிட்டு, சாமான்களைக் கொடுத்து அனுப்பினார். நாலு பேர் மலையின் மறுபக்கத்துக்கு; அங்கே ரேடியோ எட்டாது. இன்கேவ் மட்டும் தனியாகக் கோயில் பக்கம்.

இன்கேவுக்கு இருபத்தொன்பது வயது. தினக்கூலி ஆள். எப்போதும் வாயாடுவான். அன்றைக்கு முகம் சரியில்லை. ஜன்னல் பக்கம் வந்து, "அக்கா, சாயங்காலத்துக்கு எனக்கும் கொஞ்சம் சோறு வை. போன தடவை மாதிரி முழுசையும் நீயே முழுங்கிராத" என்றான்.

"போடா. முதல்ல தீயை அணை."

அதுதான் நான் அவன் முகத்தைப் பார்த்துப் பேசிய கடைசிப் பேச்சு.

மதியம் 1.17.

கர்ர்ர்...

"அக்கா... காத்து திரும்பிருச்சு."

இன்கேவ் குரல். சந்தேகமே இல்லை.

"எங்கடா இருக்க?"

"ஸ்தூபிக்குக் கீழ. ஓடைப் பக்கம். வழி தெரியல."

"எல்லாத்தையும் போட்டுட்டு இறங்கு. உடனே இறங்கு."

நேரத்தை எழுதினேன். 'இறங்கச் சொல்லப்பட்டது' என்றும் எழுதினேன்.

தனோம் பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்டி பாதியில் நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

"தலைவரே, ஆள் அனுப்புங்க."

அவர் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "ரெண்டு பேரு போறாங்க. நீ ரேடியோவை விட்டு எழுந்திரிக்காத."

நம்பினேன்.

2.09.

"அக்கா... காத்து திரும்பிருச்சு."

அதே வார்த்தை. அதே இழுவை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தீக்கு நடுவில் நிற்பவனுக்கு மூச்சு இரைக்க வேண்டும். இரைக்கவில்லை. மூங்கில் வெடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. பேசி முடித்துப் பொத்தானை விட்டால் 'டிக்' என்று வரும். அதுவும் வரவில்லை.

"ஆள் வராங்கடா. ஓடையைப் பிடிச்சு இறங்கு."

நான் முடிக்கும் முன்பே பதில் வந்தது. என் விரல் இன்னும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. அப்படி அழுத்தியிருக்கும்போது எதிர்ப்பக்கக் குரல் வரவே வராது.

"யாரும் வரல, அக்கா."

அதையும் எழுதினேன்.

3.02.

"அக்கா... தலைவர் இருக்காரா?"

தனோம் எழுந்து வந்தார். சத்தம் குறைக்கும் திருகைக் கடைசிவரை திருகினார்.

குரல் குறையவில்லை.

"கேளு அக்கா... காலையில என்ன சொன்னாருன்னு கேளு..."

"பதில் பேசாத" என்றார் தனோம்.

நான் பேசவில்லை.

கர்ர்ர்...

அவ்வளவுதான்.

3.50க்கு மறுபக்கம் போன நாலு பேரும் இறங்கி வந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிடவே இல்லையாம். தனோமைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்காமல் நாங்களே நாலரைக்கு ஏறினோம். 5.25க்குக் கண்டுபிடித்தோம். ஸ்தூபிக்குக் கீழே, காய்ந்த ஓடைக்குள் குப்புறக் கிடந்தான். பக்கத்தில் ரேடியோ இல்லை. எரிந்துபோயிருக்கும் என்றார் தனோம், நாங்கள் இறங்கி வந்ததும்.

விசாரணை நடந்தது. காலை பத்து, பதினொன்றுக்குள் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் எழுதியிருந்தார். என் பதிவேட்டிலோ 3.02 வரை பேசியிருக்கிறான். விசாரிக்க வந்தவர்கள் டாக்டரைத்தான் சந்தேகப்பட்டார்கள். தீயில் கிடந்த உடம்பு, கணிப்பு தப்பியிருக்கும் என்று நேரத்தை மாற்றினார்கள். பதில் பேச விடாமல் தனோம் தடுத்ததைச் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளவில்லை. முடிவு இதுதான்: ரேடியோ கொடுக்கப்பட்டிருந்தது. இருமுறை இறங்கச் சொல்லியும் இறங்கவில்லை. தவறு இறந்தவருடையது.

சாட்சி என்று கீழே கையெழுத்துப் போட்டது நான்.

புத்தாண்டுக்குக் கூட்டம் வந்தது. ஸ்தூபி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் டிக்கெட் கிழித்தேன்.

மே 12. டவுனிலிருந்து ரிப்பேர்க் கடைக்காரர் ஒரு ரேடியோவைக் கொண்டுவந்து கொடுத்தார். முதுகில் எண் ஏழு. இன்கேவின் ரேடியோ. கடைக்கு வந்த தேதி சீட்டில் இருந்தது.

மார்ச் 9.

நடுவில் ஒருநாள்கூட அது கடையை விட்டு வெளியே போகவில்லை. அவனுக்குக் கொடுக்க உபரியாக வேறு ரேடியோவும் எங்களிடம் கிடையாது.

அதைத் தனோமின் மேசையில் வைத்தேன். அவர் மறுக்கவில்லை.

"ரேடியோ இல்லாம தனியாப் போகமாட்டேன்னான். போகலைன்னா நாளையிலேருந்து வராதேன்னு சொன்னேன்." "குரல் வந்தப்பவே எனக்குத் தெரியும், கேசோன். அவன் கையில ஒண்ணுமில்லைன்னு. ஆனா நீ எழுதுனதுதான் என்னைக் காப்பாத்துச்சு."

ரேடியோவையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்கள். "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார்கள். ஜூனில் தனோமுக்கு இதைவிடப் பெரிய பூங்காவுக்கு மாற்றல் வந்தது.

இன்கேவின் மனைவி புவாலோய், ஏரிக்கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரேடியோவை, சீட்டை, டாக்டர் போட்ட நேரத்தை. அழுவாள், அல்லது என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஒண்ணே காலுக்குக் கூப்பிட்டாரு. நாலரைக்குத்தான் கிளம்பினீங்க."

"தலைவர் ஆள் அனுப்பிட்டேன்னு..."

"அவரை விடுக்கா. யாரும் வரலன்னு என் புருஷன் உன்கிட்டதானே சொன்னாரு?"

நான் குனிந்து ஒரு மீனைத் திருப்பிப் போட்டேன்.

"செத்தவரோ, உசுரோட இருந்தவரோ... கூப்பிட்டாரு இல்ல?"