கடதாசியைத் திருப்பச் சொன்ன எல்சா அக்கா

எல்சா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் பஸ் தரிப்பில் நின்றிருந்தேன். கைப்பையில் அவருக்காகச் சுட்ட உழுந்து வடை, மிளகாய் போடாதது. மேல்மாடி மலர்தான் போன் எடுத்தாள்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகாதேங்கோ. எங்கட எல்சா அக்கா விடிய போயிட்டா."

பஸ் வந்தது, கதவு திறந்தது, மூடிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் கட்டடத்துத் தமிழ்ச் சனம் அந்த ஜெர்மன்காரியை அக்கா என்றே கூப்பிட்டது. மணி அடித்தால் உள்ளேயிருந்து "எல்சா அக்கா வாறன்!" என்று தமிழிலேயே கத்துவார். இதை வாசிக்கிற எங்கள் சனமே, செத்தவீட்டுக்கு நிறையப் பேர் வந்தீர்கள், சந்தோஷம். அவரைக் கொண்டு விண்ணப்பம் எல்லாம் நிரப்புவித்துவிட்டு வராமல் இருந்தவர்கள் யார் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஜெர்மன் எனக்கு வாயில் வந்தது அவருடைய சமையலறையில்தான். அவரிடம் ஒரு தொப்பிப் பெட்டி நிறையக் கடிதங்கள் இருந்தன. அவருடைய பூட்டி லீனா, நூற்றைம்பது வருஷத்துக்கு முன் குமரியாக இருந்தபோது, கட்டிக்கொடுத்த தமக்கைக்கு எழுதியவை. அந்தப் பழைய எழுத்து அவருடைய பேத்திக்கே விளங்காது. வியாழக்கிழமைகளில் அவர் வாசிப்பார், நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்பேன். நடனத்தில் லீனாவின் பாவாடையை மிதித்த பெடியன், எந்த வீட்டில் காப்பி தண்ணீர் மாதிரி இருந்தது, தகப்பனின் இருமல், எல்லாம் அதில் இருக்கும். "லீனா இந்தக் கிழமை ஆரோட ஆடினவள்?" என்பேன். அவர் ஜெர்மனில் சொல்வதை என் பேச்சில் சொல்கிறேன்: "பொறு ராணி. முதல்ல தேத்தண்ணியை ஊத்து."

ஒருநாள் எடுத்த கடிதம் மீன்வலை மாதிரி இருந்தது. தபாற்செலவு கூடிய காலமாம். தாள் நிறைந்தால் அதையே பக்கவாட்டில் திருப்பி, எழுதியதன் மேலேயே குறுக்காக எழுதுவார்களாம். நெடுக்காக லீனா திட்டியிருந்தாள்: நத்தார்ப் பண்டிகைக்கு நீ வரவில்லை, அம்மா உன் கோப்பையையும் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தா, இதை நான் மறக்கமாட்டேன். குறுக்காக: பிள்ளைக்குத் தொப்பி பின்னுகிறேன், தலையை நூலால் அளந்து அந்த நூலை அனுப்பு.

அந்த நேரம் கனடாவிலிருக்கும் என் தங்கச்சியோடு எனக்குப் பேச்சில்லை. முழங்கால் நோ என்று என் மகளின் கலியாணத்துக்கு வராதவள், அதே மாதம் லண்டனில் வேறொரு கலியாணத்தில் சிவப்புச் சேலை கட்டி ஆடினாள். வீடியோவில் பார்த்தேன். இப்போது அவளுக்கு இருதய ஒப்பரேஷன் என்று மகள் சொல்லியிருந்தாள். எல்லோரும் மன்னிக்கச் சொன்னார்கள். மன்னிக்க எனக்கு ஏலாது.

எல்சா அக்கா அப்படிச் சொல்லவில்லை. "லீனா திட்டினதை அழிச்சவளோ? கடதாசியைத் திருப்பினாள். நீயும் திருப்பு."

"ஏலாது அக்கா."

"அப்ப அவள் செத்தால், உன்ர வீட்டுக் கலியாணத்துக்கு வராதவையின்ர பேரை மனசில எழுதி வைச்சிருக்கிறாயே, அதோட அவளின்ர பேரையும் வைச்சுக்கொண்டிரு."

அன்றே, அந்தச் சமையலறையிலிருந்தே போன் எடுத்தேன். சிவப்புச் சேலையிலிருந்து தொடங்கி முழுவதும் திட்டினேன்.

"முடிஞ்சுதோ அக்கா?" என்றாள் தங்கச்சி.

"இன்னும் இல்லை." மூச்சு எடுத்தேன். "சாப்பிட்டியோடி?"

இரண்டு பேரும் அழுதோம். எல்சா அக்கா எழும்பிப் போய் வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினார், தன் கண்ணீருக்கும் ஒரு காரணம் தேடுகிற மாதிரி. ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு வியாழனும் தங்கச்சியோடு பேசாமல் போனதில்லை.

கடிதப் பெட்டி பேத்தியிடம் போய்விட்டது. அதுதான் முறை. எனக்கு மிஞ்சியது அந்த வியாழக்கிழமையும், கோபத்தை அழிக்காமலே அதன் மேல் அன்பை எழுதலாம் என்று அவர் காட்டித்தந்ததும். செத்தவீட்டால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே தங்கச்சிக்குப் போன் எடுத்தேன்.

"அந்தச் சிவப்புச் சேலையை நான் மறக்கேல்லை."

"தெரியும் அக்கா."

"அங்க குளிரே? ஒரு நூலை எடுத்து உன்ர தலையை அள. தொப்பி பின்னப் போறன்."