ஷட்டர்க்காரரின் முன்பாய்

ஊரில் பாதிக் கடைகளுக்கு இரும்பு ஷட்டர் மாட்டியவர் அவர். சொந்தப் பெயர் எங்கோ தேய்ந்துபோய், ஷட்டர்க்காரர் என்பதே நிலைத்துவிட்டது. எந்தக் கதவு இறங்காவிட்டாலும் ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தே இறக்கிவிடுவார். பெண்டாட்டியின் மனசு மட்டும் எந்த இழுப்புக்கும் அசையாமல் நின்றது.

நடந்தது இதுதான். அவரிடம் ஒரு சின்னப் பாய்மரப் படகு இருந்தது; மரத்தில் பெரிய பாய், அதற்கு முன்னால் மூக்குப் பக்கம் ஒரு முன்பாய். ஓய்வுநாளில் இரண்டு பேரும் அதில் போவார்கள். அவள் சுக்கானைப் பிடித்துக்கொள்வாள், மற்றதெல்லாம் அவர் பாடு. ஒருநாள் காற்று திடீரென்று ஏற, முன்பாயை இறக்கப் படகின் மூக்குக்கு ஓடினார். ஈரப் பலகையில் கால் வழுக்கித் தொபுக்கடீரென்று தண்ணீரில் விழுந்தார். மிதவைச் சட்டை இருந்ததால் முழுகவில்லை. ஆனால் படகு நிற்கவில்லை. முன்பாய் காற்றை வயிறுமுட்ட வாங்கிக்கொண்டு அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவரை ஒரு மீன்பிடிப் படகு தூக்கியது. அதே படகுதான் பிறகு அவளையும் துரத்திப் பிடித்தது.

கரைக்கு வந்ததும் அவர் சிரித்தார். "ஒரு குளியல் போட்டேன், அவ்வளவுதானே" என்றார். சிரித்திருக்கக் கூடாது. இந்த மனுஷருக்கு எப்போது சிரிப்பது என்று தெரியவே தெரியாது.

அன்றோடு அவள் படகில் கால் வைப்பதை நிறுத்தினாள். வீட்டிலும் சாப்பாடு, சாவி, மருந்து என்பதற்கு மேல் வார்த்தை இல்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் வாயை மூடிக்கொண்டால் குழாய் சொட்டுவதுகூடக் காதில் விழும். அவளுடைய தம்பி படகை வாங்க ஓர் ஆளையும் பார்த்துவிட்டான். படகு போனால் அவளும் போய்விடுவாள், இதே வீட்டில் இருந்துகொண்டே போய்விடுவாள் என்று ஷட்டர்க்காரருக்குப் பட்டது. அவர்கள் மனம்விட்டுப் பேசிய இடம் அது ஒன்றுதான்.

"ஒரே ஒரு வாய்ப்புக் குடும்மா" என்று கெஞ்சினார்.

"முன்னாடி யாரும் போகாம அந்தப் பாய் சுருளணும்" என்றாள். "சுருளலைன்னா தம்பி சொன்ன ஆளுக்குக் குடுத்துடணும். அப்புறம் பேச்சே கிடையாது."

படகுச் சாமான் கடையில் அவர் நின்ற நிலையைப் பார்த்துக் கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு சாமானை எடுத்துவைத்தார். ஃபர்லர், அதாவது பாய் சுருட்டி, என்றார் அதை. கீழே ஓர் உருளை, மேலே ஒரு சுழலி, நடுவில், மரத்தின் உச்சியிலிருந்து படகின் மூக்குக்கு வரும் முன்கம்பியை மூடிக்கொண்டு நீளமான அலுமினியக் குழாய். பாயின் ஓரம் குழாயின் பள்ளத்தில் ஏறும். பின்னால் உட்கார்ந்தபடி கயிற்றை இழுத்தால் உருளை சுழன்று பாய் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும்.

"அட, இது நிமிர்ந்து நிக்கிற ஷட்டர்!" என்றார் ஷட்டர்க்காரர். மாதக்கணக்கில் வராத தெம்பு வந்தது.

"ரெண்டு வகை இருக்குங்க. இது உருளை திறந்திருக்கும், கயிறு எப்படிச் சுத்துதுன்னு கண்ணால பாக்கலாம். அது மூடினது, பாக்க அழகா இருக்கும். உங்க கம்பி என்ன கனம்?"

அவர் கம்பியின் கனத்தையும் நீளத்தையும் சொன்னார். திறந்ததையே எடுத்தார். அந்த மட்டுக்கும் புத்தி வேலை செய்தது.

பாய்மரத்தைச் சாய்த்து முக்காலிகளின் மேல் கிடத்தினார். குழாய்களை ஒன்றோடொன்று கோத்தார், கடைசித் துண்டை அளந்து ரம்பத்தால் அறுத்தார், பிசிறு போக அரம் தேய்த்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. வீட்டில் அவள் திரைச்சீலை தைக்கிற பெரிய மெஷினை இழுத்துப் போட்டு, பாயின் ஓரத்தில் பள்ளத்துக்கு ஏற்ற நாடாவைத் தைத்தாள். கூடம் முழுக்கப் பாய் விரிந்து கிடந்தது. அதன் ஒரு மூலையில் அவர், மறு மூலையில் அவள். "கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்று அவள் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாம் மாட்டி முடிந்ததும் பெட்டியில் ஒரு சின்னக் கப்பி மிச்சம் இருந்தது. இரண்டு திருகாணியோடு. ஷட்டர் கம்பெனிக்காரன் எப்போதும் ஒரு சாமான் கூடுதலாகப் போட்டுத்தான் அனுப்புவான். மிச்சத்தை டப்பாவில் போட்டுவிட்டுக் கதவை ஏற்றி இறக்குவது அவருக்குப் பழக்கம். இதையும் டப்பாவில் போட்டார். விளக்கத்தாளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சோதனைக்கு அவள் வந்தாள். வந்தாளே தவிர, இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்த பிடியை விடவில்லை. துறைமுகத்துக்கு வெளியே முன்பாய் விரிந்தது, மடிப்பில்லாமல், அவள் தைத்த ஓரம் வெள்ளையாகப் பளிச்சென்று. "எப்படி?" என்றார். காற்று ஏறத் தொடங்கியது.

சுருட்டும் கயிற்றை இழுத்தார். ஒரு சுற்று வந்தது, இன்னொன்று வந்தது, நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார். அசையவில்லை. ஷட்டர்க்காரரின் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். காலை உதைத்து, உடம்பு முழுவதையும் கொடுத்து ஓங்கி இழுத்தார். மேலே கம்பி முனகியது.

"இழுக்காதீங்க! மேல பாருங்க!" என்று அவள் கத்தினாள். பாயைத் தூக்கிப் பிடித்திருந்த மேல்கயிறு, சுழலியோடு சேர்ந்து குழாயைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. "பாபின்ல நூல் சிக்கின மாதிரி சிக்கியிருக்கு. இழுக்க இழுக்க இறுகும்."

படகு சாய்ந்தது. அவர் யோசிக்கவில்லை; உடம்பு தானாக எழுந்தது, ஒரு முழங்கால் முன்பலகையில் ஏறிவிட்டது.

"உக்காருங்க!"

அப்படி ஒரு குரலை அவர் அவளிடம் கேட்டதே இல்லை. திரும்பினார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. முழங்காலை இறக்கி உட்கார்ந்தார். சுக்கானைத் திருப்பிக் காற்றை முதுகில் வாங்கி, பெரிய பாயின் மறைவில் முன்பாயைச் சோரவைத்து, அது படபடவென்று அடித்துக்கொள்ள, படகை நொண்டி நொண்டித் துறைக்குக் கொண்டுவந்து பலகையில் மோதி நிறுத்தினார். தம்பி அங்கே நின்றிருந்தான்.

"மாமா, அவர் நாளைக்கே வந்து எடுத்துக்கறேன்னு சொல்றார்" என்றான்.

ஷட்டர்க்காரர் விளக்கத்தாளை இப்போதுதான் விரித்தார். மேல்கயிற்றைப் பாய்மரத்தின் பக்கம் ஒதுக்கிப் பிடிக்க, உச்சிக்குச் சற்றுக் கீழே திருக வேண்டிய கப்பி படத்திலேயே இருந்தது. டப்பாவைத் திறந்து அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"மிச்சம்னு நெனச்சேம்மா. உன்னைப் பயப்பட வெச்சதுக்கு என்னை என்ன வேணும்னாலும் சொல்லு. இனி நான் வழுக்கி விழவே மாட்டேன்."

"நீங்க விழுந்ததுக்கா நான் பேசாம இருக்கேன்?" என்றாள். அடைத்துவைத்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. "உங்களுக்குச் சட்டை இருந்துது, நீங்க மிதந்தீங்க. நான் படகுல இருந்தேன். உங்களை விட்டுட்டுப் போய்க்கிட்டே இருந்தேன். உங்க தலை சின்னதாகிச் சின்னதாகிப் புள்ளியாப் போச்சு. எந்தக் கயிறை இழுக்கிறதுன்னு தெரியலை. நானே உங்களைக் கொன்னுட்டுப் போறேன்னு நெனச்சேன். நீங்க வந்து சிரிச்சீங்க!"

தான் உட்கார்ந்து இழுப்பதற்காகத்தான் அவர் இத்தனையும் மாட்டினார். அவள் இழுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

"தம்பி, அவரை அடுத்த வாரம் வரச் சொல்லு" என்றாள் அவள்.

பாய்மரத்தை மறுபடி சாய்த்தார்கள். கப்பி அதன் இடத்துக்குப் போனது. கயிற்றை எப்படிப் பிடிப்பது, எப்போது சுக்கானைத் திருப்புவது என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். தொட்டால் அடி விழுந்திருக்கும். துறையில் கட்டிப்போட்ட படகிலேயே விரித்தாள், சுருட்டினாள், மறுபடி விரித்தாள். பிறகு வெளியே போனார்கள். மிதமான காற்று.

"இப்ப நீங்க தண்ணியில எறங்குங்க" என்றாள்.

"என்னம்மா, வெளையாடுறியா?"

"சட்டை போட்டிருக்கீங்கல்ல. எறங்குங்க."

இறங்கினார். தண்ணீர் சில்லென்று கழுத்தைப் பிடித்தது. படகு போனது. தன் படகின் முதுகை அவர் அப்போதுதான் முதல்தடவை பார்த்தார். எவ்வளவு சீக்கிரம் சின்னதாகிறது! கூப்பிட்டார், குரல் எட்டவில்லை. முன்பாய் முழுசாக விரிந்தே இருந்தது. சிக்கிவிட்டதோ, பயந்துவிட்டாளோ, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் அன்று பட்டது இதுதான் என்று புரிந்தபோது வாய்விட்டு அழுதார், அழுகையோடு கொஞ்சம் உப்புத்தண்ணீரும் உள்ளே போனது.

பாய் ஒரு முழம் மெலிந்தது. நின்றது. மறுபடி மெலிந்தது. பிறகு குச்சியாகிவிட்டது. படகு மூக்கைத் திருப்பி, பெரிய பாயோடு மட்டும், தடுமாறித் தடுமாறி அவரிடம் வந்தது. அவர் எட்டி விளிம்பைப் பற்றிக்கொண்டார். அவள் உள்ளங்கை கயிறு உரசிச் சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது. அவரைத் தூக்கக் கையை நீட்டவில்லை.

"இன்னொரு தடவை போயிட்டு வர்றேன்" என்றாள். "இருப்பீங்களா?"

பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. ஷட்டர்க்காரர் விளிம்பை விட்டார்.